வாய்க்காலில் போட்ட ஏணி

நாற்பது வருடமாக மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கிறேன். எனக்கு யாரும் புத்தி சொன்னதில்லை.

போன கோடையில் உப்புக் கிடங்கின் கூரையில் தகடு மாற்ற, எங்களோடு வேலை செய்யும் ஏழுமலை, கூரையில் கட்டிய கயிற்றோடு உடம்பில் பாதுகாப்பு பெல்ட் மாட்டி ஏணியில் ஏறினான். சுவரோரம் இன்னொரு ஏணி சும்மா நின்றது. உப்புக்கூடையோடு கடப்பதற்கு அதை வாய்க்காலின் குறுக்கே போட்டேன்.

ஏழுமலை வழுக்கினான். ஏறிய ஏணி சரிந்து உடைந்தது. அவன் பெல்ட்டில் தொங்கினான்.

"பெல்ட்டுதான் இருக்குதே, என்னா பயம்?" என்றேன்.

"தொங்கினே இருந்தா ரத்தம் கால்ல தங்கி உசுரு போயிடும். எறக்கறதுக்குன்னு வச்ச ஏணி எங்க?" என்று மேஸ்திரி கத்தினார்.

கூடையை எறிந்துவிட்டு ஓடி, சேற்றோடு ஏணியைத் தூக்கி வந்தேன். முகம் வெளுத்து இறங்கியவன் கேட்டான்: "ஏன் பெரிம்மா, என் உசுரு மேலயா நடந்துபோன?"

இப்போது யார் மேலே ஏறினாலும் அந்த ஏணிக்கு நான்தான் காவல். ஏறியவர் இறங்கும்வரை மேஸ்திரி கேட்டாலும் தரமாட்டேன்.