தெருக்குத்து மனை

வீட்டுமனைப் படம் வரைகிறவனுக்கு நன்றி சொல்ல யாரும் வருவதில்லை. குறை சொல்ல மட்டும் பஸ் பிடித்து வருவார்கள். வரைபலகையின் மேல் குனிந்தே முதுகு வளைந்த சகாக்களுக்கு இது தெரியும்.

ஸ்கேல்

அடையாற்றுக்குத் தெற்கே, கடலோரமாக ஒரு புதிய குடியிருப்புக்குப் படம் போட்டேன். இங்கிலாந்தில் தோட்ட நகரங்கள் அமைத்தவர்களைப் பற்றிய ஒரு புத்தகத்தை அப்போது பைத்தியமாகப் படித்துக்கொண்டிருந்தேன். வளைந்த தெருக்கள், நடுவே பூங்கா, வண்டிகள் ஊடுருவ முடியாத முட்டுச் சந்துகள். அந்தச் சந்துகளில் குழந்தைகள் விளையாடும், பெரியவர்கள் வாசலில் நின்று பேசுவார்கள், யாரும் தனியாக இருக்கமாட்டார்கள் என்றது புத்தகம். என் மனைவி அப்போதுதான் இறந்திருந்தாள், குழந்தைகள் இல்லை. நான் நம்பியது புத்தகத்தையா, அந்தக் கடைசி வரியை மட்டுமா என்று இன்றும் தெரியவில்லை.

மனை கேட்டு வந்த மயிலாப்பூர்ப் பெரியவர் படத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தார். "ஏன் ஸ்வாமி, தெருவெல்லாம் கோணிண்டு போறதே, ஆபீஸ்ல ஒரு ஸ்கேல்கூடவா வாங்கித் தரலை?"

அமைதியான மனை

ஒரு சந்தில் இருபுறமும் ஒவ்வொரு மனை, முடிவில் ஒன்று. மொத்தப் படத்திலும் அமைதியானது அந்த முடிவு மனைதான். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு அதைப் பெருமையாகக் காட்டினேன். அவர் சந்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து மனையில் நிறுத்தினார். "என்ன சார் நீங்க, தெரு நேரா வந்து வீட்டு நெத்தியிலல்லா குத்துது! இதுல பிள்ளையாரத்தான் குடிவைக்கணும்."

கேட்பாரில்லை

எல்லா மனைகளும் போயின, அது மட்டும் நின்றது. அதை எடுத்துவிட்டு, அந்த முட்டுச் சந்தைப் பின்தெருவோடு சேர்த்துவிடலாம் என்றார் மேலதிகாரி. படம் கெட்டுவிடுமே என்ற பதற்றத்தில், நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பக்கத்துப் பலகைக்காரர் நல்ல நண்பர், ஆறுதலாகத்தான் சொன்னார்: "உங்களுக்கென்ன சார் பயம், தெரு குத்தறதுக்கு வீட்டுல வேற யார் இருக்கா?"

கொல்லைக் கதவு

வீடு கட்டிக் குடிபோனேன். இருபுறத்து மனைக்காரர்களும் அந்தச் சந்தே வேண்டாமென்று வாசலைப் பெரிய தெருப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். மாலையில் வாசலில் வந்து நின்றால் இரண்டு சுற்றுச்சுவர்கள்தான் எனக்குத் துணை.

ஒருநாள் காலை, குப்பத்திலிருந்து கூடையோடு வந்த மீன்காரம்மா வழி தவறி உள்ளே வந்துவிட்டார். "இன்னா நைனா, தெருவுக்குக் குறுக்கால வூடு கட்டிக்கினு கீறே, நான் எப்டி அப்பால போறது?" என்றார். கொல்லைக் கதவைத் திறந்து பின்தெருவுக்கு வழிவிட்டேன். மறுநாளும் வந்தார். பிறகு இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார்.

இப்போதெல்லாம் விடிந்ததும் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்துவிட்டுக் காபியோடு உட்கார்ந்துவிடுகிறேன். அவர்கள் கடந்துபோகும் கொஞ்ச நேரம் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். நேற்று அந்தம்மா கூடையோடு நின்று கேட்டார்: "மீனும் துன்னமாட்டே, இன்னாத்துக்கு நைனா தெனமும் கதவத் தொறந்து வச்சிக்கினு குந்திக்கினு கீறே?"

யாரும் ஊடே புகாத தெருவே நல்ல தெரு என்று வரைந்தவனுக்கு, ஊடே புகுந்து போகிறவர்கள்தான் அக்கம்பக்கமாக வாய்த்திருக்கிறார்கள்.