மாரியாயி கழுவிய பன்னிரண்டு தோட்டாக்கூடுகள்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து டிவிசனுக்குப் போய் மாரியாயி வீடு எது என்று கேட்டால், எந்த மாரியாயி என்று திருப்பிக் கேட்பார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்தான் லயம், லயத்துக்கு ஒருத்தி இருக்கிறாள். பித்தளை மாரியாயி என்று சொன்னால்தான் கை நீளும். முப்பத்து மூன்று வருசம் கொழுந்து பறித்தவளுக்குக் கொழுந்தால் ஒரு பேரும் வரவில்லை, கோயில் குத்துவிளக்கைத் தேய்த்ததால் வந்தது. அந்தக் கோயில் பூசாரி லேசில் திருப்திப்படுகிற மனுசன் இல்லை. அவரே மாரியாயி தேய்த்த விளக்கை மட்டும் திருப்பிப் பார்க்காமல் வாங்கி வைப்பார்.

கோயிலுக்குச் சேராத பித்தளையும் அவள் கைக்கு வரும். பன்னிரண்டு தோட்டாக்கூடு. அவள் புருசன் சின்னராசா தோட்டத்துக் காவலுக்கு வாச்சராக இருந்து ஓய்ந்தவர், அவரிடம் லைசன் உள்ள ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று உண்டு. இப்போது எல்லாரும் பாவிப்பது கடையில் வாங்கிச் சுட்டு வீசுகிற பிளாஸ்டிக் தோட்டா. சின்னராசாவுடையது முழுப்பித்தளை. வெள்ளைக்காரத் துரையோடு வேட்டைக்குப் போன அவருடைய அப்பாவுக்குக் கிடைத்தது. சுட்டபிறகு கழுவி, மறுபடி மருந்தும் ஈயமும் அடைத்துச் சுடலாம். சட்டத்துக்கு அது பிடிக்குமோ பிடிக்காதோ, மரக்கறித் தோட்டத்தைக் கிளறுகிற பன்றிக்குச் சட்டம் தெரியாது என்பது சின்னராசாவின் வாதம்.

சுடுவது அவர் பாடு, கழுவுவது இவள் பாடு. கல்யாணமான புதிதிலேயே அப்படி ஆகிவிட்டது. பழைய புளியைக் கரைத்து அதில் கூடுகளை ஊறப்போடுவாள். அடியில், மருந்தைப் பற்றவைக்கிற கேப் உட்காரும் குழியை ஈர்க்கால் நோண்டுவாள். குச்சியில் துணி சுற்றி உள்ளே கரியை எடுப்பாள், வெளியே அடுப்புச் சாம்பலால் தேய்ப்பாள். இரண்டு தண்ணீரில் அலசி, கூரைத் தகரத்தில் வெயிலுக்கு வைத்து, கடைசியில் தவிட்டோடு ஒரு பையில் போட்டுக் குலுக்குவாள். எடுத்தால் முகம் பார்க்கலாம். துவக்கை அவள் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. ஆனால் ஒரு கூட்டை மோந்து பார்த்தால் அது சுட்டு எத்தனை நாள் என்று சொல்லிவிடுவாள். புதுசாகச் சுட்டதில் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும்.

அந்த மூக்குதான் அவளுக்கு வினையாக வந்தது.

போன பங்குனியில் பக்கத்து வீட்டுக் கஜேந்திரன் விடியக்காலையில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவன், ஓடைக்கரையில் செத்துக் கிடந்தான். நெஞ்சில் ஈயம். முன்னால் நிற்கிற ஆளின் முகம் தெரியாத பனிமூட்டம் அன்றைக்கு. பொலிஸ் வந்தது, பன்றிக்கு எவனோ, கால் இடறினால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கு கட்டியிருக்கிறான் என்றது, இரண்டு பேரை விசாரித்தது, போய்விட்டது. லயமே அழுதது. சின்னராசாவும் அழுதார், பாடையையும் தூக்கினார். தான் அன்றைக்கு மேல்மலைப் பக்கம் போனதாகவும், ஒரு வெடியும் வைக்கவில்லை என்றும் எல்லாரிடமும் சொன்னார்.

மூன்றாம் நாள் மாரியாயி பரணில் இருந்த பிஸ்கட் டின்னை இறக்கினாள். பன்னிரண்டு கூட்டில் ஒன்று ஈரமாக இருந்தது. மேலே சவர்க்கார வழவழப்பு, உள்ளே கரி அப்படியே, அதில் கூழ்முட்டை நாற்றம். விளிம்பில் சின்னக் கீறல் உள்ள கூடு அது. முப்பது வருசத்துக்கு மேல் அந்த மனுசன் ஒரு கூட்டையும் தானாகக் கழுவியதில்லை. தேத்தண்ணி குடித்த கோப்பையைக்கூடக் கழுவத் தெரியாத ஆள். அடுப்படியில் உட்கார்ந்து புடவையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து சோறாக்கினாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார், சொன்னால் அவரைக் கொண்டுபோய்விடுவார்கள். ஒரே மகளையும் கொஸ்லந்தையில் கட்டிக்கொடுத்தாயிற்று, அவர் போனால் அந்த வீட்டில் அவளும் சுவரும்தான்.

ஆனாலும் தீட்டு தீட்டுதானே. சாவு பட்ட பித்தளையை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படி விளக்கேற்றுவது? அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கோமியம். லயத்தில் கறவை மாடு நின்ற ஒரே வீடு கஜேந்திரன் வீடு. அவன் பெண்சாதி விஜயலெட்சுமியிடம்தான் கேட்கவேண்டும்.

கேட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய சோடாப் போத்தலை எடுத்துக்கொண்டு போவாள். விஜயலெட்சுமி எதற்கு என்று கேட்கமாட்டாள், போத்தலை நிறைத்து நீட்டுவாள். இவள் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் சட்டியில் ஊற்றிப் பன்னிரண்டு கூட்டையும் முக்கி எடுப்பாள். தீட்டுக் கழிக்கிற தண்ணீரை அலசக் கூடாது என்று, அலசாமல், துடைக்காமல், ஈரத்தோடு துணியில் சுற்றி டின்னில் மூடிவைப்பாள். செத்தவனின் மாட்டு மூத்திரத்தால் செத்தவனின் தீட்டைக் கழுவுகிறோமே என்று நினைத்தால் உடம்பு கூசும். கூசினாலும் அடுத்த வெள்ளி போத்தலோடு போய் நிற்பாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு மத்தியானம், மழை விட்ட நேரம், சின்னராசா கடைக்குப் போயிருந்தார். மாரியாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பரணில் "டிக்" என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தாள். நாலு நாள் கழித்து மறுபடியும். நகத்தால் தகரத்தைச் சுண்டுகிற மாதிரி ஒரே ஒரு சுண்டு, அப்புறம் ஒன்றும் இல்லை. டின்னை இறக்கித் துணியைப் பிரித்தாள். இரண்டு கூடு வாயிலிருந்து அடிவரைக்கும் மயிரிழை மாதிரி வெடித்திருந்தது. யாரும் தொடவில்லை, விழவில்லை, நெருப்பில் படவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்கு நிம்மதி ஏது? பட்டப்பகலிலேயே பரணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிழமைக்கு ஒன்று, சில கிழமை இரண்டு. கஜேந்திரன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வருகிறான் என்று அவள் மனசு சொன்னது. வெடித்ததை எல்லாம் விறகுக்கு அடியில் ஒளித்தாள். சின்னராசாவும் டின்னைத் தேடவில்லை. பங்குனியிலிருந்து முழங்கால் வலி என்று சொல்லித் துவக்கைத் தொடாமலே இருந்தார்.

கார்த்திகையில் கிளினிக்குக்குப் பதுளைக்குப் போனபோது வெடித்த கூடு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பித்தளைச் சாமான் விற்கிற ஸனூஸ் நானாவிடம், கோயிலுக்கு விளக்கு வாங்கிய பழக்கத்தில் அதை நீட்டினாள். அவர் கூட்டை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"இதுல மாட்டு மூத்திரம் பட்டிருக்கா?"

மாரியாயி அவிழ்ந்த முந்தானை நுனியைத் திரும்ப முடிந்தாள்.

"பித்தளைக்கு அது ஆகாதும்மா. மாட்டுக் கொட்டில்ல வச்ச வெளக்கு மழைக்காலத்துல தானா வெடிச்சு வந்ததை நான் பாத்திருக்கேன். கண்ணுக்குத் தெரியாமலே உள்ளுக்குள்ள வெடிச்சிருக்கும். இதுல மருந்து போட்டுச் சுட்டா, சுட்டவன் மூஞ்சிதான் போகும்."

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். பேய் இல்லை, பித்தளையின் குணம்தான். ஆறுதல் வரவில்லை. மாடு யாருடையது என்று அவள் மனசு திரும்பத் திரும்பக் கேட்டது.

வீட்டுக்கு வந்தால் சின்னராசா துவக்குக் குழலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்குப் பாத்தி எல்லாவற்றையும் பன்றி கிளறிப்போட்டதாம். லயத்து ஆட்கள் வந்து கெஞ்சினார்களாம். எத்தனை நாளைக்கு முழங்காலைச் சொல்லுவது?

"டின்னுல ரெண்டுதான் இருந்திச்சு. மத்தது எங்க புள்ள?" என்றார்.

"கோயில்ல குடுத்திட்டேன், உருக்கி மணி செய்யக் கேட்டாங்க" என்று பொய் சொன்னாள்.

மிச்சம் இருந்த இரண்டில் ஒன்று, விளிம்பில் கீறல் உள்ளது. எல்லாவற்றிலும் அதிகமாகக் கோமியத்தில் ஊறியது அதுதான், மற்றதை எடுத்தபிறகும் அதைச் சட்டியிலேயே விட்டுவைப்பாள். ஆனாலும் அதில் ஒரு கோடும் விழவில்லை. அவர் இரண்டிலும் மருந்து அடைத்துவிட்டிருந்தார்.

இரண்டு நாள் மாரியாயி சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள். போகாதீங்க என்று சொன்னால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் கோமியத்தைச் சொல்லவேண்டும். கோமியத்தைச் சொன்னால், எட்டு மாசமாக அவளுக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னதாகிவிடும். புருசனைக் காப்பாற்ற வாயை மூடினாள். இப்போது அதே வாயைத் திறக்காவிட்டால் புருசன் இல்லை. என்ன பிழைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கே பனி இறங்கி லயத்து வாசலை மூடிவிட்டது. சின்னராசா தொப்பியைப் போட்டார். இரண்டு தோட்டாவையும் சட்டைப்பையில் போட்டார், நெஞ்சுக்கு நேராக. துவக்கைத் தோளில் மாட்டி வாசற்படியில் கால் வைத்தார்.

அவருடைய சட்டைப்பைக்குள் "டிக்" என்றது.

அவருக்கும் கேட்டது. குனிந்து நெஞ்சைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அத வெளிய எடுத்து வைங்க" என்றாள் மாரியாயி. "அது வெடிச்சிருக்கு. சுட்டீங்கன்னா மூஞ்சியில வெடிக்கும். நான்தான் கெடுத்தேன். கஜேந்திரன் மாட்டுக் கோமியத்துல எட்டு மாசமா ஊறப்போட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

சின்னராசா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோட்டாக்களை வெளியே எடுத்தார். கீறல் இல்லாத கூட்டில் நெட்டுக்குக் கோடு ஓடியிருந்தது.

"பன்னின்னு நெனச்சேன் புள்ள. மானாப்புல்லு அசைஞ்சிச்சு. சத்தியமா பன்னின்னுதான் நெனச்சேன். கிட்டப் போனா, கையில அருவாளோட கெடக்குறான்."

"தெரியும்."

"அப்பயே சொல்லியிருப்பேன். பயந்திட்டேன்."

"நானும்தான்" என்றாள்.

கீறல் உள்ள தோட்டாவிலிருந்து ஈயத்தையும் மருந்தையும் அவரே கொட்டினார். வெறுங்கூட்டை அவள் வாங்கிக்கொண்டு இறங்கினாள். பக்கத்து வீட்டுக்குப் பத்தே அடிதான், பனியில் அந்தப் பத்து அடிக்கும் சுவரைத் தடவிக்கொண்டு போனாள். பின்னால் அவர் காலை இழுத்துக்கொண்டு வருவது கேட்டது.

விஜயலெட்சுமி கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தாள். ஆள் வந்தது தெரிந்தும் கறப்பதை நிறுத்தவில்லை.

"இன்னிக்கி வெள்ளி இல்லையே அக்கா. போத்தலும் காணோம்."

"லெச்சுமி, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. எட்டு மாசமா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

விஜயலெட்சுமி பால் வாளியைத் தள்ளி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"ஒங்க வீட்டுல புள்ளப்பேறு இல்ல, சாவு இல்ல. வயசுக்கு வந்த புள்ளயும் இல்ல. எங்க வீட்டுக்காரரு செத்த கிழமையில இருந்து வெள்ளி தவறாம கோமியம் கேட்டு வந்தீங்க. மொத மாசம் எனக்கு வெளங்கல. ரெண்டாம் மாசம் வெளங்கிருச்சு, தீட்டு எங்க இருக்குன்னு."

"தெரிஞ்சுமா குடுத்த?"

"போத்தல நீட்டுறப்ப எல்லாம், இன்னிக்கி சொல்லிருவாங்க, இன்னிக்கி சொல்லிருவாங்கன்னு நெனச்சேன். கோமியம் இல்லன்னு சொல்லிட்டா அப்பறம் நீங்க வரவே மாட்டீங்களே."

மாரியாயி அந்தச் சாணித்தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பங்குனியில் புடவையை அடைத்து நிறுத்திய அழுகை அது. விஜயலெட்சுமி தேற்றவில்லை. குனிந்து அவள் கையிலிருந்த கூட்டைப் பிரித்து எடுத்தாள், விரலால் சுற்றிலும் தடவினாள். இதுவா என்று கேட்டாள். இதுதான் என்று தலையாட்டினாள் மாரியாயி.

"அண்ணன் எங்க?"

"வெளிய நிக்கிறாரு."

"உள்ள வரச்சொல்லுங்க. நாளைக்குக் காலையில மூணு பேருமாப் பொலிசுக்குப் போகணும். அவரு வாயால சொல்லணும்."

சின்னராசா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார். "போவோம் தாயி" என்றார்.

அவர் அதைச் சொல்லி வாய் மூடவில்லை, விஜயலெட்சுமியின் மூடிய கைக்குள் "டிக்" என்றது. மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பி அந்தக் கையைப் பார்த்தது.