கேத்தரினின் நூறு பந்து

கேத்தரின் அம்புரோஸைப் பற்றி மலேசியாவின் கிள்ளானில் கால்பந்து விளையாடுகிற யாரைக் கேட்டாலும் முதலில் அவள் தலையைப் பற்றித்தான் சொல்வார்கள். பெரிய மூளைக்காரி என்பதற்காக அல்ல. உயரத்திலிருந்து இறங்குகிற பந்தை அவள் நெற்றியால் அடித்தால் அது போகிற போக்கே தனி. தொண்ணூறுகளின் கடைசியில் மாநிலப் பெண்கள் அணிக்குத் தற்காப்பு ஆடியவள். கூட ஆடிய மலாய்க்காரப் பெண்கள் அவளுக்குக் ‘கெப்பாலா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தலை என்று அர்த்தம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த பெண்ணுக்கு அந்தப் பட்டத்தில் கர்வம் இருந்தது, மறைப்பானேன்.

ஆடுகிற வயது போனதும் பயிற்சி கொடுக்க வந்தாள். மேரு போகிற வழியில் உள்ள ஒரு தனியார் கல்லூரி, பதினான்கு வருடத்துக்கு முன் பெண்கள் அணி தொடங்கியபோது அவளைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. தலைமை என்பது பேருக்குத்தான். முதல் இரண்டு வருடம் ஜெர்சி துவைத்ததும் அவள்தான், வேன் ஓட்டியதும் அவள்தான். மாலை ஐந்து மணிக்குத் திடலில் இறங்கினால் ஏழரைக்குத்தான் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றுவாள். கல்யாணப் பேச்சை எடுத்த உறவுக்காரர்களுக்கெல்லாம் லீக் அட்டவணையைக் காட்டி அனுப்பிவிட்டாள்.

அவளுடைய பயிற்சியில் பேர்போனது நூறு பந்து. தற்காப்பு ஆடுகிற பெண்கள் தினமும் நூறு பந்தைத் தலையால் அடித்த பிறகுதான் தண்ணீர் போத்தலைத் தொடலாம். மழையில் ஊறிப் பந்து கனத்துப் போயிருந்தாலும் நூறு என்றால் நூறுதான். யாராவது சிணுங்கினால், “வலிச்சாத்தான் லா டிஃபெண்டர்” என்பாள். சொல்லிவிட்டுத் தானும் வரிசையில் நின்று அடிப்பாள். அந்த நூறு பந்தால் நான்கு கோப்பை வந்தது. 

போன பிப்ரவரியில் ஒரு மதியம் ஃபெடரல் ஹைவேயில் போய்க்கொண்டிருந்தவள், கிள்ளானுக்குள் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. துறைமுகத்துக்குப் போகிற லோரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பிறகுதான், எங்கே போகிறோம் என்று யோசித்தாள். யோசித்தும் பிடிபடவில்லை. எண்ணெய் நிலையத்தில் காரை நிறுத்தி, பின்னிருக்கையில் கிடந்த பந்துப் பையைப் பார்த்த பிறகுதான் பயிற்சி ஞாபகம் வந்தது. தூக்கம் போதவில்லை, ஐம்பது வயதாகப் போகிறது, உடம்பு மாறுகிற நேரம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்து பெயர்கள் போயின. கோல்கீப்பரை மூன்று வருடமாகத் தெரியும். கூப்பிட வாய் திறந்தால் பெயர் வராது. “ஏய், ஏய்” என்று சமாளித்தாள். பிறகு இடது மணிக்கட்டில் வெள்ளை பிளாஸ்திரி சுற்றி, ஜெர்சி எண்ணுக்கு நேராகப் பெயரைப் பேனாவால் எழுதிக்கொண்டாள். பெண்கள் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள். இரண்டு பேர் அவளைப் பார்த்துத் தாங்களும் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

ஜூனில் யாருக்கும் சொல்லாமல் பங்சாரில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தாள். ஸ்கேன் எல்லாம் முடிந்து, டாக்டர் கேட்ட கடைசிக் கேள்வி ஒன்றுதான்.

“எத்தனை வருஷமா ஹெட் பண்றீங்க, மிஸ் கேத்தரின்?”

“பதினாலு வயசுலேருந்து. இப்பவும் பிள்ளைங்களோட சேர்ந்து அடிப்பேன்.”

டாக்டர் பேனாவை மூடினார். “மறதி இதாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா நிறுத்துங்க. இன்னைக்கே நிறுத்துங்க. இது போகப் போகக் கூடும். காலேஜ்ல சொல்லிடுங்க.”

அவள் சொல்லவில்லை. விளையாட்டுப் பிரிவு அதிகாரி சிவநேசன் ஏற்கெனவே சிரித்துச் சிரித்து ஒரு குண்டைப் போட்டிருந்தார்: பெண்கள் அணியை மூடிவிட்டு, அவர்கள் அறையில் கம்ப்யூட்டர் வைத்து வீடியோ கேம் அணி தொடங்கலாம் என்று நிர்வாகம் யோசிக்கிறதாம். இந்த வருடம் கோப்பை வந்தால் பேசிப் பார்க்கலாமாம். இந்த நேரத்தில் பயிற்சியாளருக்கு மறதி நோய் என்று போய்ச் சொன்னால் அடுத்த நாளே கதவைச் சாத்திவிடுவார்கள். என் தலைதானே, என்னோடு போகட்டும் என்று நினைத்தாள். அது அவளோடு போகிற விஷயம் இல்லை என்பது ஆகஸ்டில் தெரிந்தது.

அம்பாங்கில் இருக்கிற மாதவி, கேத்தரினின் முதல் அணிக்குக் கேப்டன். நடுத் தற்காப்பு. வயது முப்பத்து மூன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவன் கால்வினோடு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்திருந்தாள். மூன்று பேரும் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள்.

“காரை எங்க போட்டீங்க மிஸ்? இங்க பார்க்கிங் ரொம்பக் கஷ்டம் லா” என்றாள் மாதவி.

“வீடு இங்கதானே, நடந்து வந்தேன்.”

ரசம் வந்தது. “காரை எங்க போட்டீங்க மிஸ்?” என்றாள் மாதவி.

கேத்தரினுக்குக் கை நின்றுவிட்டது. இதை முன்பே கேட்டாளா, இல்லை என் மண்டைதான் ஒன்றையே இரண்டு முறை ஓட்டுகிறதா என்று தெரியவில்லை. நடந்து வந்தேன் என்று மறுபடியும் சொன்னாள். மோர் வந்தபோது மூன்றாவது முறையும் அதே கேள்வி, அதே சிரிப்போடு வந்தது. அவள் கால்வினைப் பார்த்தாள். அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாதவி கை கழுவப் போனதும் அவன் மெதுவாகச் சொன்னான். “ஆறு மாசமா இப்படித்தான் மிஸ். பிள்ளையை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வர மறந்துடுறா. டாக்டரு பழைய அடி ஏதாச்சும் உண்டான்னு கேக்குறாரு. நீங்கதான் அவளை நல்லாத் தெரிஞ்சவங்க. பெரிசா அடி ஏதும் பட்டுச்சா?”

“இல்லையே” என்றாள் கேத்தரின். பெரிய அடி ஒன்றும் படவில்லைதான். நாளுக்கு நூறு சின்ன அடி, மூன்று வருடம், அவளே விசில் ஊதி வாங்கிக் கொடுத்தது. வீட்டுக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்குக் கால்வினிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயந்துவிட்டாள்.

மறுநாள் துணைப் பயிற்சியாளர் சீதாலெட்சுமியிடம், இனி நூறு பந்து வேண்டாம் என்றாள்.

“ஏன்க்கா? ஃபைனல் வருது. அதுதானே நம்ம பலம்.”

“சொன்னாக் கேளு சீதா. பழைய முறை. இப்ப யாரும் செய்யறதில்ல.”

காரணம் சொல்லாத கட்டளை எத்தனை நாள் நிற்கும்? நிற்கவில்லை. தாமரை என்று ஒருத்தி. இருபது வயது, மேருவில் லோரி ஓட்டுகிறவர் மகள், அணியின் நடுத் தற்காப்பு. அவள் மட்டும் தினமும் ஹாஸ்டல் பின்சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதைத் தலையால் வாங்கி, நூறு வரை எண்ணிவிட்டுத்தான் குளிக்கப் போனாள். கேத்தரின் அதைப் பார்த்துத் திட்டினாள். “நீங்க இப்படித்தானே மிஸ் ஸ்டேட் பிளேயர் ஆனீங்க?” என்றாள் தாமரை. அதற்குக் கேத்தரினிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் பந்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அக்டோபரில் இறுதி ஆட்டம். மாநிலத் தேர்வாளர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சிவநேசன். வானம் மத்தியானத்திலிருந்தே கறுத்துக் கிடந்தது, பெய்யவும் இல்லை. இருபதாவது நிமிடத்தில் உயரப் பந்துக்குத் தாமரையும் எதிரணிப் பெண்ணும் சேர்ந்து எழும்ப, மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் கோட்டுக்கு வெளியே கேட்டது. தாமரை எழுந்து நின்றாள். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். அவள் நேராகக் கேத்தரினிடம் வந்து, “மிஸ், நாம எந்தப் பக்கம் அடிக்கணும்?” என்றாள்.

கேத்தரின் அந்த நிமிடமே ஆளை மாற்றச் சொன்னாள். தாமரை அழுதாள், கையைப் பிடித்துக் கெஞ்சினாள், செலக்டர் பார்க்கிறார் மிஸ் என்றாள். “வாயை மூடிட்டு உட்காருடீ” என்று அதட்டிப் பெஞ்சில் உட்கார வைத்தாள். பதினான்கு வருடத்தில் அவள் செய்த ஆகச் சரியான காரியம் அதுதான்.

“என்னாச்சுக்கா?” என்று சீதாலெட்சுமி ஓடி வந்தாள்.

தலை என்று சொன்னால் டாக்டர் வருவார், கேள்வி வரும், நூறு பந்து வரும், மணிக்கட்டு பிளாஸ்திரி வரும். “முட்டி” என்றாள் கேத்தரின். “கால் முட்டி பிடிச்சிருக்கு.”

சீதாலெட்சுமி ஐஸ் பை கொண்டுவந்து, ஒரு குறையும் இல்லாத முழங்காலில் வைத்துக் கட்டினாள். தாமரை, மிஸ் ஏதோ காரணமாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இடைவேளை போனது. கோல் இல்லை. ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கையில் கேத்தரினின் அணிக்குக் கார்னர் கிடைத்தது. எழும்பி அடிக்க உயரமான ஆள் வேண்டும். கேத்தரின் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். அங்கே அணியிலேயே நன்றாகத் தலையால் அடிக்கிறவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் பெயரைத் தேடி எடுத்தாள்.

“தாமரை! ஏன் இங்க உட்கார்ந்திருக்க?”

“நீங்கதான் மிஸ் உட்காரச் சொன்னீங்க.”

எதற்குச் சொன்னோம் என்று தேடினாள். உள்ளே ஒன்றும் இல்லை. கட்டியிருந்த ஐஸ் பைதான் கண்ணில் பட்டது. சரிதான், முட்டி.

“முட்டி எப்படி இருக்கு? வலிக்குதா?”

“இல்ல மிஸ். கொஞ்சங்கூட இல்ல.” பெண் பொய் சொல்லவில்லை. ஐஸ் பையை அவிழ்த்து எறிந்துவிட்டு எழுந்தாள்.

அந்தப் போட்டியில் வெளியே வந்தவரை மறுபடி இறக்கலாம். சீதாலெட்சுமி தடுக்கவில்லை, முட்டி சரியாகிவிட்டது என்றால் அவளுக்கும் சந்தோஷம்தான். தடுத்திருக்கக்கூடிய ஒரே ஆளுக்கு ஞாபகம் இல்லை. பந்து உயர்ந்து வந்தது. கோட்டோரத்தில் கேத்தரின் தொண்டை கிழியக் கத்தினாள்: “தலை! தாமரை, தலை!”

தாமரை எல்லாருக்கும் மேலே எழும்பி நெற்றியால் அடித்தாள். பந்து வலைக்குள் போனது. சிவநேசன் நாற்காலி மேல் ஏறிக் குதித்தார், பெண்கள் ஓடி ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். கேத்தரினும் இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கிய கையோடு பார்த்தாள்: கோல் கம்பத்தின் அடியில் தாமரை குப்புறக் கிடந்தாள். விரல்கள் மட்டும் புல்லைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தன. அப்போது வந்தது ஞாபகம், ஒன்று விடாமல்.

ஓடினாள். புரட்டி மடியில் கிடத்தினாள். தாமரை கண்ணைத் திறந்தாள், யாரையும் பார்க்கவில்லை. “மிஸ், மேட்ச் எப்ப ஆரம்பிக்கும்?” என்றாள்.

சீதாலெட்சுமி ஐஸ் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து மண்டியிட்டாள். “எந்த முட்டிக்கா? அதே முட்டியா?”

“முட்டி இல்ல சீதா” என்றாள் கேத்தரின். “முதல்லயும் முட்டி இல்ல.”