மோட்டார் நின்ற பிறகு கேட்ட கிதார்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம். நான் கும்பகோணத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊரில் அம்மன் கோயில் திருவிழா. அம்மனைக் கும்பிடத்தான் போனேன் என்று சொன்னால் அந்த அம்மனே நம்பமாட்டாள். திருச்சியிலிருந்து ஒரு மெல்லிசைக் குழு வருவதாக நோட்டீசில் போட்டிருந்தார்கள். அதற்காகத்தான் போனேன்.

அந்தக் குழுவின் மேல் எனக்கு அப்படி ஒரு பைத்தியம். ஒரு கல்யாண வரவேற்பில் அவர்கள் வாசித்ததைத் தெருவில் நின்று கேட்டிருந்தேனே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. அவர்களிடம் இருந்த எலெக்ட்ரிக் கிதாரில் ஓட்டையே கிடையாது, வெறும் பலகை மாதிரி இருக்கும் என்று விடுதித் தோழி ஒருத்தி சொல்லிவிட்டாள். ஓட்டை இல்லாமல் சத்தம் எங்கிருந்து வரும்? இப்படி ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஊர் அப்போது அவ்வளவு நிம்மதியாக இல்லை. அறுவடைக் கூலிக்காக ஒரு பக்கம் போராட்டம். குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்தது. அதனால் இன்னொரு பக்கம் வழக்கு. பதிவாவதற்குள் ஆட்களை நிலத்தைவிட்டுக் கிளப்பிவிட வேண்டும் என்று சில மிராசுதார்கள் அவசரப்பட்டார்கள். இதெல்லாம் அத்தை பேச்சுவாக்கில் சொன்னது. எனக்கோ கிதார்தான் கவலை.

சாயங்காலமே பாய் விரித்து இடம் பிடித்துவிட்டோம். விளக்கு வைத்த நேரத்தில் மேடையில் குழு வந்து உட்கார்ந்தது. சிவப்புக் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிதார்க்காரர் எழுந்து நின்றதும் நான் பாயில் முழங்கால் போட்டு எழும்பிவிட்டேன். அவர் கம்பியைத் தட்டினார். ஸ்பீக்கர்ப் பெட்டியிலிருந்து 'கொர்' என்று ஓர் உறுமல் மட்டும் வந்தது. டியூப்லைட்டுகள் கண்ணடித்தன. குண்டு பல்புகள் பீடி முனை மாதிரி சிவந்து கிடந்தன.

வோல்டேஜ் இல்லை. ஆற்றில் தண்ணீரை நிறுத்தியாகிவிட்டது, இரண்டாம் போகத் தாளடிப் பயிர் பால் பிடிக்கும் நேரம். பம்ப்செட்டுக்கு ராத்திரியில்தான் கரண்ட் வரும் என்பதால் சுற்றியிருந்த மோட்டார் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன. பேட்டரியில் ஓடிய மைக்கை விழாக் குழுவினர் ஒருவர் பிடித்து, "விவசாயப் பெருமக்களே, கொஞ்ச நேரம் மோட்டாரை நிறுத்தி ஒத்துழைப்புக் கொடுங்க" என்று கெஞ்சினார். அதற்குப் பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். தூரத்தில் ஒரு மோட்டார் அடங்கும், இங்கே பல்பு ஒரு படி பிரகாசமாகும், கூட்டம் கைதட்டும். இன்னொன்று அடங்கும், மறுபடியும் கைதட்டல். கடைசியில் ஒரே ஒரு மோட்டார் மட்டும் விடாப்பிடியாக ஓடியது. கோயிலுக்கு வரும் அதே லைனில் இருந்த மோட்டார். அது நிற்காமல் கிதார் பேசாது என்று மைக்செட்காரர் கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் விழாக் குழுவின் பெரிய மனிதர் எங்கள் பாயருகே வந்தார். அவர் ஒரு மிராசுதாரின் காரியஸ்தர். மிராசுதார் டவுனில் இருந்தார். நிலம், குத்தகை எல்லாம் இவர் கையில். "அந்த மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஆம்பளைங்க போனா வீண் சண்டை வரும்மா. நீங்க படிச்ச பொண்ணு, பதமாப் பேசுவீங்க. உங்களாலதான் முடியும். அங்கே காவலிருக்கிற பொம்பளையைக் கையோட இங்கே கூட்டிக்கிட்டு வந்துடுங்க, பாட்டுக் கேக்கட்டும்" என்றார். ஊரே பார்க்க என்னை 'நீங்க' போட்டுப் பேசிவிட்டாரே! எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை முணுமுணுத்துக்கொண்டே சொம்பைப் பாயின் மேல் இடத்துக்குக் காவலாக வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு கூட வந்தாள்.

வரப்பில் கொஞ்ச தூரம்தான். கதவில்லாத மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு பெண் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். அந்த மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற குடும்பம். மறுநாள் பதிவு விசாரணை என்பதால் புருஷன் கும்பகோணம் போயிருந்தான். நான் தயாரித்து வைத்திருந்த பதமான பேச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன்னை யாரு தங்கச்சி அனுப்புனது?" என்றாள். சொன்னேன். சிரித்தாள்.

"கனெக்சன் அவங்க பேருல இருக்குக்கா" என்று அத்தையிடம் திரும்பினாள். "நான் இந்தாண்ட நகந்தா அந்தாண்ட வந்து ஃப்யூஸைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க. மேலத்தெருவுல அப்படித்தான் பண்ணாங்க. தண்ணி இல்லாம பயிரு கருகுனா, 'நிலத்தைப் பாழாப் போட்டுட்டா'ன்னு எழுதி எங்களை வெளிய தள்ளிடலாம். விசாரணைக்கு அப்புறம் ஆபீசர் நேர்ல பாக்க வருவாராம். இந்தப் பயிரு பச்சையா நின்னாத்தான் எங்களுக்குச் சாட்சி."

கிதாரை நினைத்துக்கொண்டு வந்த எனக்கு இது எங்கே தெரியும்? ஆனாலும் சுபாவம் விடுமா? "ஃப்யூஸ்னா எது? அதைக் கழற்ற முடியுமா?" என்று கேட்டுவிட்டேன். இந்த நேரத்தில் இது ஒரு கேள்வியா என்று அத்தை முறைத்தாள். அந்தப் பெண் டார்ச்சை வாங்கி, சுவரில் இருந்த பெட்டிக்குள் அடித்துக் காட்டினாள். உள்ளங்கையளவு வெள்ளைப் பீங்கான் கட்டைகள் மூன்று. மெயினை இறக்கிவிட்டு இழுத்தால் கையோடு வந்துவிடுமாம்.

"அப்ப அவங்க பிடுங்கறதுக்கு முன்னாடி நீங்களே பிடுங்கிட்டா?"

அவள் என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். மோட்டாரை உடைக்கமாட்டார்கள், அது அவர்கள் சொத்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "வேற கட்டை கொண்டாந்து போட்டா?" என்றாள். "போட்டாத் தண்ணிதான்டி வரும், வரட்டுமே!" என்றாள் அத்தை. மூன்று பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவளுக்கு இன்னொரு பயம் இருந்தது. விடிந்தால் கரண்ட் போய்விடும். அதற்குள் கடைசி வயல் வரை தண்ணீர் ஏற வேண்டும். கச்சேரி நள்ளிரவு தாண்டி இழுத்தால் எல்லாம் வீண். "அதுக்கு நான் பொறுப்பு" என்று அத்தை அவள் கையைப் பிடித்துச் சொன்ன பிறகுதான் மெயினை இறக்கினாள். கட்டைகளை முந்தானையில் முடிந்து மடியில் செருகிக்கொண்டாள்.

அவளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வரும்போதே கோயில் பக்கம் வெளிச்சம் பளிச்சென்று எழும்பியது. நாங்கள் நேராக மேடைக்குப் பின்னால் போனோம். கிதார்க்காரர் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விஷயத்தைச் சொல்லப் போனவள், "இதுல ஓட்டை எங்கேங்க?" என்று கேட்டேன். அத்தை இடுப்பில் கிள்ளினாள். அவரோ கோபப்படாமல் கம்பிகளுக்கு அடியில் இருந்த சின்னக் காந்தங்களைக் காட்டினார். "கம்பி அசையறதை இது பிடிச்சு அந்தப் பெட்டிக்கு அனுப்புதுங்க. கரண்ட் இல்லேன்னா இது வெறும் பலகைதான்."

அந்தக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று அப்போது சொன்னேன். அவர் அவளுடைய மடி முடிச்சைப் பார்த்தார். "எப்பம்மா தண்ணி விடணும்?" என்று அவளிடமே கேட்டார். "பத்து மணிக்கு விட்டாப் போதுங்கய்யா" என்றாள்.

அவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். "ஊர்க்காரங்க பயிருக்குப் போற கரண்டை எங்களுக்குக் கொடுத்திருக்காங்க. பத்து மணிக்குத் திருப்பிக் கொடுத்துடணும். அதனால பொன்னாடை, பாராட்டுப் பேச்சு எதுவும் வேண்டாம். அந்த நேரத்துல கூடுதலா ரெண்டு பாட்டுப் பாடிடுறோம்!" கூட்டம் விசிலடித்துக் கொண்டாடியது. மிராசுதார் சார்பில் போர்த்துவதற்காகப் பொன்னாடையோடு மேடையோரம் நின்ற காரியஸ்தர், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். கொஞ்ச நேரத்தில் ஆளையே காணோம்.

அந்தக் கச்சேரியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. இடைவெளியே விடாமல் வாசித்தார்கள். அந்தக் கிதார் முதல் சுரத்தை இழுத்தபோது என் முதுகுத்தண்டு சில்லிட்டுப்போனது. பலகையிலிருந்து சத்தம் வரும் விதம் தெரிந்த பிறகும் ஆச்சரியம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு பாட்டுக்கும் கைதட்டவில்லை. இரண்டு கையும் மடியின் மேலேயே இருந்தன. ஆனால் தலை ஆடிக்கொண்டிருந்தது. "இது அழுவுதா சிரிக்குதான்னே தெரியலியே தங்கச்சி" என்றாள் ஒருமுறை, கண்ணை மேடையிலிருந்து எடுக்காமல்.

சொன்னபடி முடித்தார்கள். அவளோடு நாங்களும் கொட்டகைக்குப் போனோம். அத்தை டார்ச்சை அடித்தாள். நாங்கள் மூடிவிட்டு வந்த ஃப்யூஸ் பெட்டி திறந்து தொங்கியது. ஈர மண்ணில் செருப்புத் தடங்கள். நாங்கள் மூவரும் வெறுங்காலோடுதான் வந்திருந்தோம்.

அவள் முடிச்சை அவிழ்த்துக் கட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகினாள். மெயினைத் தூக்கினாள். மோட்டார் உறுமியது, குழாயில் தண்ணீர் பொங்கியது. அவள் அதில் இரண்டு கையையும் நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வரச் சொன்னது பாட்டுக் கேட்பதற்காக இல்லை. நான் பெருமையோடு போய் ஒரு குடும்பத்தின் சோற்றைப் பிடுங்கிக் கொடுத்திருப்பேன். கொடுத்தது தெரியாமல் பாட்டும் கேட்டிருப்பேன். அழுதுவிட்டேன். "நீ கேட்டதாலதானே தங்கச்சி கட்டை எம் மடியில இருந்துச்சு" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

பயிர் விளைந்தது. ஆபீசர் வந்து பார்த்தபோது தலைசாய்ந்து நின்றதாம். அவர்கள் பெயர் பதிவாகிவிட்டதாக அத்தை அடுத்த முறை வந்தபோது சொன்னாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ கச்சேரிகள் கேட்டுவிட்டேன். ஆனால் இன்றும் யாராவது மிகுந்த மரியாதையோடு, "உங்களாலதான் முடியும்" என்று ஒரு சின்ன வேலை சொன்னால், அதனால் யாருடைய மோட்டார் நிற்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் பாயைவிட்டு எழுந்திருப்பதில்லை.