ஆடு மேய்ந்த மல்லிகை

மல்லிகைச் செடி மேல் வெயில் படக்கூடாது என்று பந்தல் போட்ட ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் கொழிஞ்சாம்பாறைக்கு வாருங்கள். என் பெயரைச் சொல்லி விசாரிக்கக்கூட வேண்டாம். ‘ஆடு பூந்த வீடு எது?’ என்று கேட்டாலே கை காட்டிவிடுவார்கள்!

கேரளா என்றதும் படகு, மழை, குளுகுளு என்று கற்பனை செய்கிறவர்களைப் பங்குனி மாதம் பாலக்காட்டுக்குக் கிழக்கே, எங்கள் ஊர்ப் பக்கம், ஒரே ஒரு மத்தியானம் நிற்க வைக்க வேண்டும். பைப்பைத் திறந்தால் வெந்நீர். கொடியில் போட்ட வேட்டி, திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பளம். அந்த வெயிலில் பூச்செடி வளர்க்கிறவன் பாடு எப்படி இருக்கும்? அதிலும் மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டவன் பாடு?

என் மகள் நித்யா. கோயம்புத்தூரில் வேலை, அங்கேயே புகுந்த வீடு. சித்திரையில் அவளுக்கு வளைகாப்பு என்று நாள் குறித்ததும் எனக்குத்தான் முதல் போன்.

“ஏனுங்ப்பா, கல்யாணத்துக்குப் பார்லர்காரங்க அவங்க இஷ்டத்துக்கு ஜடை வெச்சுட்டாங்க. வளைகாப்புக்கு நம்ம ஊட்டு மல்லியிலதான் பூ தைக்கோணும். கடைப் பூ வேண்டாமுங்க.”

மகள் கேட்டு அப்பன் இல்லை என்பானா? “ஒரு பூ கூட வெளிய வாங்கமாட்டேன் அம்மணி” என்று சொன்னதோடு நின்றிருக்கலாம். சம்பந்தியிடமும் போன் போட்டு அதையே பெருமையாக அடித்துவிட்டேன். வாய் சும்மா இருக்குமா?

காம்பவுண்டு சுவரோரம் வரிசையாக மல்லிகைப் புதர்கள். வெயில் ஏற ஏற எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கருகிவிட்டால்? உடனே நர்சரிக்குப் போய்ப் பச்சை வலை வாங்கி வந்து, கம்பு நட்டு, வரிசை முழுக்கப் பந்தல் போட்டேன். காலையும் மாலையும் தண்ணீர். அரிசி கழுவிய தண்ணீர், கடலைப் பிண்ணாக்குக் கரைசல்... எங்கள் வீட்டில் எனக்கே இந்தக் கவனிப்பு கிடையாது.

செடிகள் தளதளவென்று வளர்ந்தன. இலை என்றால் இலை, அப்படி ஓர் இலை! மொட்டு? மருந்துக்கு ஒன்று கூட இல்லை.

பந்தலுக்கு வெளியே, பேருக்குக் கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்த இட்லிப்பூவும் காகிதப்பூவும் வெயிலில் நின்று பூத்துத் தள்ளின. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா?

என் மனைவி சரோஜாவுக்குப் புரிந்திருந்தது.

“ஏனுங்க, அந்த வலையக் கழட்டிப் போட்டு, நல்லாக் கவாத்து பண்ணுங்க. திங்கக் குடுத்துக்கிட்டே இருந்தா அது எதுக்குங்க பூக்குது?”

“இந்த வெயில்ல கத்திரிய வேற வெக்கச் சொல்றியா? உனக்கு ஈவு இரக்கமே இல்லியா?” என்று கத்தினேன். அவள் என்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒருநாள் சாயங்காலம். கோடை மழை வருகிற மாதிரி பாவலா காட்டி, வெறும் காற்று மட்டும் சுழற்றியடித்தது. என் பந்தல் கம்போடு பிடுங்கிக்கொண்டு பறந்து, அடுத்த வீட்டு ஹனீபா பாயின் முருங்கை மரத்தில் போய் மாட்டிக்கொண்டது. பாய் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். நான் கேட்டைத் திறந்து ஓடினேன். திறந்த கேட்டைச் சாத்தவில்லை. அதுதான் சங்கதி.

“அட, உக்காருங்க சார்! வலை எங்க போயிரப் போகுது? ஒரு டீ குடிச்சுப்போட்டுப் போலாமுங்க” என்றார் பாய்.

டீ வந்தது. பேச்சு வந்தது. மாம்பழ விலை, கரண்ட் கட், எலெக்‌ஷன்... எல்லாவற்றையும் அலசினோம். நான் பாய் வீட்டில் முறுக்கு தின்ற நேரத்தில், பாய் வீட்டு ஆடு என் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது!

திரும்பி வந்து பார்த்தால், வரிசை முழுக்க வெறும் குச்சி. கடைசிச் செடியின் கொழுந்தை வாயில் வைத்துக்கொண்டு, ‘வாங்க’ என்பது போல ஆடு என்னைப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் மனைவி மும்தாஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நித்யா புள்ளைக்கு வெச்சிருந்த பூச்செடியாச்சுங்களே அண்ணா... இப்ப என்னங்ண்ணா பண்றது?”

என்ன பண்ணுவது? எனக்கு அழுகையே வந்துவிட்டது. வலையை மறுபடி கட்டவில்லை. குச்சிக்கு எதற்குப் பந்தல்? அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. சரோஜாதான் நினைத்தபோது ஒரு குடம் ஊற்றினாள். “பூவெல்லாம் எப்படீங்ப்பா இருக்கு?” என்று நித்யா போனில் கேட்டால், “ஜோரா இருக்கு அம்மணி” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். கடைசி நிமிடத்தில் பூ மார்க்கெட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றிருந்தேன்.

விஷு முடிந்த கையோடு ஒரு காலை. “ஏனுங்க, சீக்கிரம் இங்க வாங்க!” என்று சரோஜா கூப்பிட்ட கூப்பாட்டில், பாம்போ என்று தடியோடு ஓடினேன். பாம்பு இல்லை. குச்சிக்குக் குச்சி இளந்தளிர். தளிர் நுனியிலெல்லாம் அரிசி அரிசியாக மொட்டு!

“நீங்க மனசு வராம உட்ட கவாத்தை, ஆடு பண்ணிப்போட்டுதுங்க” என்றாள் சரோஜா. சிரிப்பை அடக்கக்கூட முயற்சி செய்யவில்லை.

வளைகாப்பன்று பறிக்கப் பறிக்கப் பூ. விடிவதற்கு முன்பே மும்தாஜ் ஊசியும் நூலுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். “இந்த ஜடைய நான்தான் தைப்பேன், யாரும் கிட்ட வராதீங்க” என்று உத்தரவு. மல்லிகைக்கு நடுவில் கனகாம்பரம் வைத்து, இடுப்பு வரை இறங்கிய ஜடை. நித்யா அதை முன்னால் எடுத்துப் போட்டு, மூச்சை இழுத்து முகர்ந்தாள். அவ்வளவுதான், நான் அழுதுவிட்டேன். பெண்கள் கூட்டம் வளையலை விட்டுவிட்டு என்னைக் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டது.

“இந்த வெயில்ல இத்தனை பூவா! என்ன உரமுங்க போட்டீங்க?” என்று சம்பந்தி கேட்டார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குள், “அது பக்கத்து ஊட்டு உரமுங்க” என்றாள் சரோஜா. ஹனீபா பாய் குடித்துக்கொண்டிருந்த பாயசம் சட்டையெல்லாம் சிந்தியது.

யோசித்துப் பார்க்கிறேன். அந்தச் செடிக்கு நான் செய்ததில் எது செடிக்காக, எது என் பயத்துக்காக? வெயில் வேண்டிய ஜீவனுக்கு நிழலைக் கட்டி, அதை அன்பு என்று நாமே பெயர் வைத்துக்கொள்கிறோம், இல்லையா?

வளைகாப்பு முடிந்தால் பெண் பிறந்த வீட்டில் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நித்யாவும் தங்கிவிட்டாள். ஆனால் மறுநாள் காலை பார்த்தால், கை நிறைய வளையலும் தோளில் பையுமாக வாசலில் நிற்கிறாள்.

“ஆபீஸுக்குங்ப்பா. எட்டு மணி பஸ்ஸுக்குப் போறேன். டாக்டரும் பரவாயில்லைன்னு சொல்லிட்டாங்க. ஊட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா எனக்குத்தானுங்க புழுங்கும்.”

இந்த வெயிலில், இந்த வயிற்றோடு, பஸ்ஸிலா? வாயைத் திறந்தேன். சுவரோரத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

“போயிட்டு வா அம்மணி” என்றேன். அதோடு நிறுத்தினேனா என்கிறீர்களா? தெருமுனை வரை பின்னாலேயே ஓடி, குடையைக் கையில் திணித்துவிட்டுத்தான் வந்தேன்... அப்பன்தானே!