கோமதி எழுதாத இயற்பியல் தேர்வு

துணைத்தேர்வு டியூஷன் நடத்துகிறவன் பாடத்தைவிட ஆறுதலைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கும். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இது புதிதில்லை.

கதை சொன்ன நாள்

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறை. பிளஸ் டூ இயற்பியலில் பெயிலான ஏழு பேர். முதல் நாள் நான் புத்தகத்தைத் திறக்க மாட்டேன். உலகமே அறிந்த ஒரு விஞ்ஞானியின் கதையைச் சொல்வேன். சின்ன வயதில் அவருக்குப் பேச்சே தாமதமாகத்தான் வந்ததாம். கல்லூரி நுழைவுத் தேர்வில் முதல் தடவை தேறவில்லை. படித்து முடித்தும் வாத்தியார் வேலை யாரும் தரவில்லை. கடைசியில் அரசு அலுவலகத்தில் ஒரு சின்ன உத்தியோகம். அந்த நாற்காலியில் இருந்த காலத்தில் எழுதியவைதான் இயற்பியலையே புரட்டிப் போட்டன.

கடைசி பெஞ்சில் இருந்த பையன் கை தூக்கினான். “அவரு ரெண்டாந்தபா பாஸாயிட்டாரு சார். நான் நாலாந்தபா எழுதறேன், என் கதைய யாரு சொல்லப்போறாங்க?”

கோமதியின் கேள்வி

கோமதி மூன்று மதிப்பெண்ணில் தவறியவள். தேறினால் நர்சிங் சேரலாம் என்று விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தாள். மற்றவர்கள் போன பிறகு மெதுவாக வந்து நின்றாள். “அவரு தோத்தப்ப வூட்டுல இன்னா சொன்னாங்க சார்?”

படித்த நினைவில்லை என்றேன். பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “அதத் தெரிஞ்சுக்கினு வாங்க சார். தோக்கறது எப்படின்னு எனக்கே தெரியும்.”

இரண்டு பேர் தறி

மூன்றாவது வாரம் அவளைக் காணவில்லை. வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா தறியில் பட்டு நெய்துகொண்டிருந்தார். கரையை வேறு நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் புடவையின் உடலை நெய்வார், பக்கத்தில் இருப்பவர் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவார். அதுவரை கரைப்பக்கம் உட்கார்ந்த அண்ணன் கார் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அவன் இடத்தில் கோமதி.

அவள் அப்பாவிடம் அதே கதையை எடுத்துவிட்டேன். அவர் நாடாவை நிறுத்திவிட்டு ஆசையாகக் கேட்டார். கோமதியின் முகமும் தெளிந்தது. அந்த உற்சாகத்தில், “வேலை பார்த்துக்கொண்டே சாதித்தார் ஐயா” என்று ஒரு வரியைச் சேர்த்தேன்.

“அத சொல்லுங்க வாத்தியாரே! அவ்ளோ பெரிய மனுசனே வேல செஞ்சுக்கினுதான் படிச்சிருக்காரு. இவளும் தறியில குந்திக்கினே படிக்கட்டும்.”

தேர்வு நாள் காலை

பள்ளிக்கூட வாசலில் ஆறு பேர்தான் நின்றார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு கோமதி வீட்டுக்கு ஓடினேன். தறியில் முகூர்த்தப் புடவை. இன்னும் ஒரு முழம் பாக்கி, மதியம் பெண் வீட்டார் வருகிறார்களாம். பத்து நிமிடத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கெஞ்சினேன். “அடுத்த தபா எழுதிக்குவா, இன்னா இப்ப?” என்றார் அப்பா, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோமதியைப் பார்த்தேன். அவள் கை நிற்கவில்லை. “நான் அழுது எப்படியாவது வந்திருப்பேன் சார். நீங்க அந்தக் கதைய எங்கப்பாகிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்.”

எழுதிய ஆறு பேரும் தேறினார்கள். தேர்வு எழுதாதவர்கள் தேர்ச்சி விகிதத்தில் வர மாட்டார்கள் என்பதால், அந்த வருடம் எங்கள் டியூஷன் வாசலில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பேனர் கட்டினோம்.