ஏலத்துல போன எங்க ஊட்டுக்குப் புதுமனை புகுவிழா

இன்னைக்கு வெண்ணந்தூர் பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த ஒரு அக்கா, என்கூட தறிப்பட்டறையில வேலை செய்யற சாந்திக்குப் பத்திரிக்கை வெச்சாங்க. புதுமனை புகுவிழாவாம்.

"பேங்க் ஏலத்துல எடுத்தோமுங்க. சல்லிசா முடிஞ்சுது. போர் தண்ணி குடிச்சுப் பாருங்க, அப்படி இனிக்குது."

பத்திரிக்கைய எட்டிப் பாத்தேன். எங்க ஊட்டு விலாசம்.

அந்த போர் போட்ட அன்னைக்கு, தண்ணி வருமா வராதான்னு நாள் முழுக்க ரிக் வண்டி பக்கத்துல நின்னது நானும் எங்க ஊட்டுக்காரரும்.

அப்புறம் அவருக்கு முதுகு போச்சு. லாரி ஓட்ட முடியல. ஊட்டுக் கடன் தவணை நின்னுது, பேங்க்ல ஏலம் விட்டுட்டாங்க. ஏலத்துல வந்த காசு கடனுக்குப் பத்தலையாம். மிச்சத்தையும் நாங்கதான் கட்டணுமாம். என் தறிக்கூலியில பாதி அதுக்கே போவுது. அவங்க சல்லிசா எடுத்தாங்கல்ல, அந்தச் சல்லிசு எங்க தலையிலதான் விடிஞ்சிருக்கு.

சாந்திக்கு எல்லாம் தெரியும். எம் மூஞ்சியவே பாத்துட்டிருந்தா.

"நீங்களும் வாங்க சாமி, ஊட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க"ன்னு அந்த அக்கா என் கையிலயும் ஒண்ணு திணிச்சாங்க. அவங்க மேல என்னங்க தப்பு? "வாரேனுங்க"ன்னு சொல்லிட்டேன்.

இப்ப ஒரே யோசனை. போனா மொய் தனியா வெக்கணுமா, இல்ல மாசாமாசம் பேங்குல கட்டறதையே மொய்யா எழுதிக்குவாங்களா?

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.